விமானத்திடம் துளுக்குக் கேட்டது

ஒன்பதடி இறக்கை வைத்த விமானம் ஒன்றை வீட்டுக்குள் செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க வெப்பீங்க?" எதற்கு, ஏன் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் கடைகிற லேத் பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும், குடிக்காமல் இருக்கிறானே என்று விட்டிருப்பாள். ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்கள் நாலைந்தை அதற்கு முன்பே செய்து, அதில் மூன்றைப் பக்கத்துத் தோட்டத்துத் தென்னைகளுக்குப் பலிகொடுத்தவன் நான். இது பெரியது. பெட்ரோல் என்ஜின், ஆள் நீளத்துக்கு உடம்பு.

எங்கே வைப்பது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு பதில்தான் இருந்தது. அண்ணன் அறை.

அண்ணன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன். ஒரு நாள் சாயங்காலம் சோப்பு வாங்கி வருகிறேன் என்று வண்டியிலிருந்து இறங்கிப் போனானாம். வண்டி ஊருக்குத் திரும்பியது, அவன் திரும்பவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம், நானே இரண்டு முறை ரயிலேறிப் போய் அந்த ஊர்க் கடைத்தெருவில் போட்டோவைக் காட்டித் திரிந்தேன். ஆளும் கிடைக்கவில்லை, பிணமும் கிடைக்கவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. அண்ணி எங்களோடுதான் இருந்தார். பிள்ளை இல்லை. கழுத்தில் தாலியும் தலையில் பூவுமாக, ஆனால் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாமல், கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு ஆறு வருடம். அந்த அறைக்குள் அவர் பெருக்குவதற்குத் தவிர போகமாட்டார்.

அம்மா மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். "செய்யி சாமி. அந்த ரூமு தெனமும் தொறந்தாப்பல இருக்கும்" என்றுவிட்டாள்.

அண்ணனின் கட்டில்தான் எனக்கு மேசை. அதில்தான் சட்டம் சட்டமாக மெல்லிய மரத்தை வெட்டி ஒட்டி, விமானத்தின் உடம்பை எழுப்பினேன். பட்டறைக்குப் போகும்போது தூசி படியாமலிருக்க ஒரு பழைய வெள்ளை வேட்டியை அதன்மேல் போர்த்திவிட்டுப் போவேன். ஒரு நாள் மதியம் சோற்றுக்கு வந்தவன் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ என்று பின்வாங்கினேன். தலை, நெஞ்சு, கால் என்று அச்சு அசல் ஒரு ஆள் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தது. நானே செய்து நானே போர்த்தியது! அதற்குப் பிறகு கலர் போர்வைக்கு மாற்றினேன். அதனால் ஒன்றும் சரியாகவில்லை. அப்போது அது தூங்குகிற ஆளாகத் தெரிந்தது.

"ஏனுங்க, இந்தப் பொணத்த எப்பத்தான் எடுப்பீங்க?" என்று கேட்டாள் மனைவி. அடுப்படியில் அம்மா இருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவள் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?

இறக்கைகளின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். சூட்டில் தாள் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும். எனக்கு அதற்குப் பொறுமை போதாது, பொசுக்கிவிடுவேன். இரண்டு இடத்தில் பொசுக்கிய பிறகு அண்ணி கதவருகில் நின்று, "தள்ளுங்க தம்பி, நான் பாக்கறேன்" என்றார். சேலை தேய்க்கிற கை. ஒரு சுருக்கம் இல்லாமல் மஞ்சள் தாளை இழுத்துப் போர்த்தினார். ஆறு வருடத்தில் அண்ணி சிரித்து நான் பார்த்தது அந்த நாலைந்து நாட்களில்தான். "இதுல ஏறி எங்கூருக்குப் போயிரலாமா?" என்று கேட்டார். சேந்தமங்கலம் அவர் ஊர். ஏறினால் விமானம்தான் உட்கார்ந்துவிடும் என்றேன்.

தாள் போர்த்தியதும்தான் சத்தம் தொடங்கியது. உச்சி வெயிலில் அறை கொதிக்கும்போது தாள் இன்னும் இறுகி, உள்ளே சட்டங்கள் நெரிந்து, டொக் டொக் என்று கேட்கும். விரலால் தட்டினாற்போல. ஊரே அடங்கிக் கிடக்கிற மத்தியானத்தில், ஆளில்லாத அறையிலிருந்து. சூட்டுக்கு அப்படித்தான் என்று நான் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள், அடுத்த மத்தியானம் சத்தம் வந்ததும் சோற்றுக் கையோடு எழுந்துபோய் அறையைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள்.

பிறகு உள்ளே சின்ன மோட்டார்களைப் பொருத்தினேன். வாலையும், இறக்கை ஓரத்துப் பலகைகளையும் அசைப்பவை. விமானத்துக்குள் ஒரு பேட்டரி, என் கையில் ரிமோட். குச்சியை அசைத்தால் பலகை அசையும், விட்டால் கல்லாக நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரிமோட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி துடைப்பத்தோடு அறைக்குள் வந்தார். ஙொய்ங் என்று ஒரு சத்தம். வால் பலகை மெதுவாகத் திரும்பி அவர் பக்கம் நின்றது. அவர் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனார். பலகை அந்தப் பக்கம் திரும்பியது.

அண்ணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே போனார். வாசலில் நின்று பார்த்த என் மனைவி, பயத்தை மறைக்கச் சிரித்தாள். "போச்சு போங்க, மூத்த மாமா வந்துட்டாருங்க." அது அம்மா காதில் விழுந்தது. அன்றைக்கு முழுக்க ஒயர் ஒயராகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை.

இந்த நேரம் பார்த்து அண்ணியின் அண்ணன் சேந்தமங்கலத்திலிருந்து வந்தார். ராசிபுரத்தில் ஒருவர், மனைவியை இழந்தவர், தங்கமான மனுஷன், நம் பெண்ணை எடுத்துக்கொள்ள விருப்பப்படுகிறார் என்று மென்று முழுங்கிச் சொன்னார். "ஆறு வருசமாச்சுங்க அத்தை. அவளுக்கும் வயசு போவுதில்லீங்களா?"

"எம்பையன் செத்துட்டான்னு ஆரு சொன்னா?" என்றாள் அம்மா.

அண்ணி தலை நிமிரவில்லை. ஆனால் போக விரும்புகிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அம்மா சம்மதிக்காமல் அவர் படி இறங்கமாட்டார் என்பதும் தெரிந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவனுக்குக் கழுத்தை நீட்டினோம் என்று ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் அந்த மனுஷி நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னமாட்டார்.

எங்கள் பக்கத்தில் கோயிலுக்குக் கிடா வெட்டும்போது அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாமியிடம் கேட்பார்கள். கிடா உடம்பை உதறிச் சிலிர்த்தால் சாமி ஒப்புக்கொண்டது என்று பொருள். அதைத் துளுக்குவது என்போம். கிடா துளுக்காமல் நின்றால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று அம்மா மூன்று வருடத்துக்கு முன் கருப்பணார் கோயிலில் துளுக்குக் கேட்டாள். ஒரு குடம் தண்ணீர் காலியானது, கிடா கல்லாக நின்றது. கிடாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அம்மா எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "வார ஞாயித்துக்கெழம இவன் அத வெளிய எடுக்கறான். அதுங்கிட்டக் கேக்கறேன். அது துளுக்குனா அவ இங்க இருக்கட்டும். இல்லீன்னா கூட்டிட்டுப் போங்க."

"அம்மா, அது மோட்டார்மா. கிறுக்குப் புடிச்சாப்பல பேசாத" என்று கத்தினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியின் அண்ணனே சரி என்று தலையாட்டினார். ஆட்டிடம் கேட்கலாம், இதனிடம் கேட்கக் கூடாதா?

ஞாயிறு காலை விமானத்தைத் தூக்கும்போது அண்ணி என் பக்கத்தில் வந்தார். "தம்பி, அது ஆடாமப் பாத்துக்கங்க." அவ்வளவுதான் சொன்னார். ஆடாது அண்ணி என்றேன். பேட்டரியை மாட்டாமலேயே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அம்மா விடவில்லை. பேட்டரியை மாட்டினால் உள்ளே ஒரு சின்ன லைட் எரியும் என்பது அவளுக்குத் தெரியும். "லைட்டு எரியுதா? செத்த ஆட்டுக்கிட்டயா துளுக்குக் கேப்பாங்க?" என்றாள். சரி, ரிமோட்டையும் போட்டுவைத்தால் பலகைகள் விறைப்பாக நிற்கும், அதுதான் பத்திரம் என்று கணக்குப்போட்டேன்.

கடலை பிடுங்கிய மேட்டாங்காடு. காற்று ஒரு இலையை அசைக்கவில்லை. காக்காய்கூடக் கத்தவில்லை. நட்டநடுக் காட்டில் மஞ்சளாக அது நின்றது. நான் ரிமோட்டைப் பட்டையில் கழுத்தில் தொங்கவிட்டு, அண்ணி பார்க்கட்டும் என்றே இரண்டு கைகளையும் தூக்கிப் பிடரிக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். அண்ணியின் கண்ணோ விமானத்தைவிட்டு நகரவில்லை.

அம்மா சொம்பில் வேப்பிலையை முக்கினாள். "கருப்பணாரே, எம்பையன் உசுரோட இருந்தான்னா இதுல வந்து துளுக்கிக் காட்டு. இல்லீன்னாச் சும்மா இரு சாமி."

ஒரு தரம் தெளித்தாள். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம். மஞ்சள் தாளில் துளிகள் உருண்டு கீழே சொட்டின. அண்ணி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மூன்றாம் தரம் தெளித்துவிட்டு அம்மா கையை இறக்கினாள்.

அது துளுக்கியது. வாலில் தொடங்கி, இரண்டு இறக்கைகளிலும், எல்லாப் பலகைகளும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒன்பதடி இறக்கையும் நடுங்கியது, மேலிருந்த தண்ணீர் தெறித்து எங்கள் முகத்தில் விழுந்தது. பிறகு நின்றது. என் கைகள் பிடரியிலேயே இருந்தன. எனக்குக் கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

அண்ணி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அதற்குள் எப்படியோ என் கைகள் ரிமோட்டுக்கு வந்திருந்தன. "ஆட்டுனது நீங்களா, இல்ல அதாவே ஆடுச்சா? நெசத்தச் சொல்லிப்போடுங்க தம்பி."

நிஜத்தைச் சொன்னால் அவர் இன்னும் முப்பது வருடம் எங்கள் கூடத்தில் பாய் விரிப்பார். யாரும் தடுக்க வேண்டியதில்லை, தானே இருந்துகொள்வார்.

"நான்தானுங்க அண்ணி," என்றேன். "சும்மா வெளையாட்டுக்கு ஆட்டிப் பாத்தேன்."

அவர் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். என் மனைவி அழுதாள். அண்ணி ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா குதிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் காட்டில் ஊற்றிவிட்டு, "கூட்டிட்டுப் போங்க தம்பி" என்று அண்ணியின் அண்ணனிடம் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று மதியமே விமானத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். சிக்னல் வாங்குகிற பெட்டியை ஒரு பலூனுக்குள் போட்டுக் கட்டியிருந்தேன். உள்ளே பஞ்சு மாதிரி காய்ந்திருந்தது. ஒரு ஒயரிலும் ஈரம் இல்லை. ஈரம் பட்டிருந்தாலும் ஒரு பலகை துடிக்கலாம். எல்லாம் சேர்ந்து எப்படி? எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணி அந்த வாரமே போனார். ராசிபுரத்தில் கல்யாணம் நடந்தது, என் மனைவியை மட்டும் கூப்பிட்டார்கள். இப்போது அவருக்கு ஒரு பெண் குழந்தை. போனில் அம்மாவை விசாரிக்கிறார், என் மனைவியிடம் மணிக்கணக்கில் பேசுகிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

விமானத்தை நான் பறக்கவிடவே இல்லை. போன மாதம் அதைக் கழற்றி எடுத்துவிடலாம் என்று அறைக்குள் இறக்கைத் திருகாணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த நாளைப் பற்றி அதுவரை அவள் வாயைத் திறந்ததே இல்லை.

"நெசமாலுமே நீதான் ஆட்டுனயா?"

"ஆமாம்மா. நான்தான்."

அம்மா என் விரல்களைப் பார்த்தாள்.

"நான் உம்பக்கத்துலதான நின்னேன் சாமி. உன்ற ரெண்டு கையும் தலைக்குப் பின்னால இருந்துச்சு."

திருகாணி என் கையிலிருந்து நழுவி எங்கேயோ உருண்டது. குனிந்து தேடுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அவ போவோணுமல்ல," என்றாள் அம்மா. "அதான் நானும் பேசாம இருந்துட்டேன்."