நான்கு சிவப்பு விளக்குகள்

நடந்ததை நடந்தபடியே இங்கே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கம் தருவதையும் விடமாட்டேன்.

சனிக்கிழமை ரியூசன் வகுப்பில் இருந்தபோது அப்பா சைக்கிளில் வந்தார். "வான்கார இராசு போயிட்டான், பிள்ளை. விடியப்புறம் நெஞ்சுநோ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

செத்தவீட்டுப் பந்தலில் இரண்டு பேர் கதைத்தது என் காதில் விழுந்தது. "நல்ல மனிசன்தான். ஆனால் அண்டைக்கு ஒண்டும் பாராமல் ஓடி, பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தவர்." ஊரில் வாடகைக்கு வான் ஓட்டிய இராசு அண்ணையின் மனைவி பூமணி அக்காவும் அதைக் கேட்டிருக்க வேண்டும். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "முப்பத்தோராம் நாள் அவற்றை நினைவாய்க் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலை நீயும் எழுது. உனக்குத்தான் அவரையும் தெரியும், அந்த வானையும் தெரியும்" என்றார்.

உண்மைதான். வெளிநாட்டிலிருந்த மைத்துனர் அனுப்பிய காசில் அண்ணை அந்த யப்பான் வானை வாங்கியபோது, அதனுடன் ஓர் ஆங்கிலக் கைநூலும் வந்தது. அண்ணைக்கு ஆங்கிலம் வாசிக்க ஏலாது. எங்கள் ஊர் மடத்துவெளியில் யாருடைய புத்தகம் என்றாலும் வாங்கி வாசிப்பவள் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சொன்னேன். மாணவியான என்னையும் அவர் 'நீர்' என்றுதான் அழைப்பார்.

அதில் ஒரு பக்கத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். சாவித் துளையில் திறப்பைத் திருப்பியதும் சாரதிக்கு முன்னால் நான்கு சிவப்பு விளக்குகள் எரிய வேண்டும். எண்ணெய்க்கு ஒன்று, பற்றரிக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. இயந்திரம் ஓடத் தொடங்கினால் நான்கும் அணைய வேண்டும். "அப்ப எரியாத விளக்கு எல்லாம் சரியெண்டு சொல்லேல்லை. விளக்கே செத்தும் இருக்கலாம்" என்றார். கைநூலில் அரைப்பக்கம் எடுத்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் விரலை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணிய பிறகே வானை எடுப்பார். சாட்டிக் கடற்கரைக்குப் போகிற பெடியங்கள் பின்னாலிருந்து, "இராசண்ணை, நாலுக்கு மேலை பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கேல்லையோ?" என்று கத்துவார்கள். "சிரியுங்கோ, சிரியுங்கோ. பழைய காருக்கு வருத்தமெண்டால் இருமும், முனகும். இது இலத்திரனியல், எல்லாம் கரண்டிலை ஓடுறது. கடைசி மட்டும் சுகமாய் ஓடிப்போட்டுச் சொல்லாமல் நிண்டிடும். அதுதான் முன்னுக்கே கேட்டு வைக்கிறன்" என்பார்.

விசயதசமியன்று மாலை வானுக்குப் பூசை. கைநூலை என் பாடப்புத்தகங்களோடு சரஸ்வதி படத்தின் முன் வைத்திருந்தேன். சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. சில்லுகளுக்கு வைத்தேன், கண்ணாடிக்கு வைத்தேன். சாரதிக்கு முன்னாலிருந்த சின்னக் கறுப்புக் கண்ணாடியிலும் தடிப்பாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். அந்த இடத்தில் அது அழகாக இருந்தது. அதன் கீழே இருந்தது பற்றரி விளக்கு. கைநூலை வாசித்துச் சொன்ன நானே அதை மறந்தேன்.

பூசை முடிந்து கடலை பங்கிடும்போது என் தம்பிக்கு மூச்சு இழுப்புத் தொடங்கியது. உதடு நீலமாயிற்று. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு வானுக்குள் ஏறினார். நானும் ஏறினேன். அண்ணை திறப்பைத் திருப்பி, விரலை நீட்டி, "ஒண்டு..." என்றார்.

"பிள்ளைக்கு மூச்சு நிக்கப்போகுது, நீர் விளக்கு எண்ணுறீர்! எடும் வானை!" என்று அப்பா கத்தினார்.

அண்ணை விரலை மடக்கிக்கொண்டு வானை எடுத்தார்.

மழை பெய்தது. வழி முழுக்க முன்விளக்கு எரிந்தது, கண்ணாடி துடைப்பான் ஓடியது. பற்றரிக்கு மின் ஏறவில்லை என்று அந்தச் சின்ன விளக்கு சந்தனத்தின் அடியில் சொல்லிக்கொண்டே வந்திருக்கும். மண்டைதீவை நெருங்கும் தாம்போதி வீதியில் முன்விளக்கு மஞ்சளாகி மங்கியது. அண்ணை சொன்னபடியே, ஒரு இருமல்கூட இல்லாமல் வான் நின்றது. இரு பக்கமும் கடல்.

அவர் தம்பியை அப்பாவிடமிருந்து வாங்கி, மூச்சு இலகுவாக வரும்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தார். தன் சேர்ட்டைக் கழற்றித் தம்பியின் தலையில் போட்டிருந்தார். மண்டைதீவில் மீன் ஏற்றிய லொறி ஒன்று எங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தம்பி பிழைத்தான்.

மறுநாள் அவர் வீட்டுக்கு ஓடினேன். சாரதி ஆசனத்தில் இருந்துகொண்டு, ஈரத்துணியால் அந்தப் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழத் தொடங்கினேன்.

"அழாதையும். பொட்டு வைச்சது பிழையில்லை. எண்ணியிருந்தால் மூண்டுதான் வந்திருக்கும், துடைச்சிருப்பன், பிறகு அது அணையாமல் எரியிறதையும் கண்டிருப்பன். எண்ணாமல் வெளிக்கிட்டது என்ரை பிழை."

"அப்பா கத்தினவர்தானே?"

"பெத்தவன் கத்துவான். அவனுக்கு அதுதான் வேலை. எண்ணுறது என்ரை வேலை."

ஊர் கேட்டபோதும் அதையே சொன்னார்: "ஓம், நான் பாக்கேல்லை." அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. அதன்பின் நோயாளியை ஏற்ற யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தேங்காயும் புகையிலையும் ஏற்றினார். தேங்காய் மூட்டைகளுக்காகவும் நான்கு வரை எண்ணினார். அப்பாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தோம்.

இதை எழுதி முடித்து நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'நான் கத்தினதை எடுத்துவிடு' என்று சொல்வார் என நினைத்தேன். வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தார். "நான் கத்தினதை இன்னும் வடிவாய், விளக்கமாய் எழுது. என்ரை பேரையும் போடு" என்றார். போடுகிறேன். கத்தியவர் என் அப்பா நடராசா. பொட்டு வைத்தவள் நான். உங்களை அறிந்தவர்கள் இனி உங்களைக் கவனமில்லாதவர் என்று சொல்ல வேண்டாம், அண்ணை.

கைநூலை என்னிடமே வைத்திருக்கும்படி பூமணி அக்கா சொன்னார். மூன்று தரம் வாசித்த பக்கத்தின் ஓரத்தில் அவருடைய பெருவிரலின் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதுவும், ஒன்றைத் தொடங்குமுன் யார் அவசரப்படுத்தினாலும் எண்ணி முடிக்கும் பழக்கமும் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை.

இன்று காலை அக்கா திறப்பைத் தந்தார். கொட்டிலில் நின்ற வானில் ஏறிச் சாரதி ஆசனத்தில் இருந்து திருப்பினேன். விரலை நீட்டி எண்ணினேன். நான்கும் எரிந்தன. அக்காவும் எட்டிப் பார்த்து ஒருமுறை எண்ணினார். பிறகு திறப்பைப் பின்னால் திருப்பி விளக்குகளை அணைத்தேன்.