கடிதம் முடிந்த பிறகும் ஓடிய நாடா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை நினைத்து இன்று ஜேர்மனியின் ஹம் நகருக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்கு அவருடைய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா பருத்தித்துறையில் நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். இருபத்திரண்டு வயதில் அகதியாக இங்கு வந்தார். கம்பித் தொழிற்சாலையில் நுரையீரல் பழுதாகும்வரை வேலை செய்தார். இவை உங்களுக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது.

வந்த புதிதில் அப்பாவும் ஆறு நண்பர்களும் ஒரு றொக் இசை நாடகம் போட்டார்கள். துவக்குத் தூக்கிப் போருக்குப் போக மறுக்கும் இளைஞர்களின் கதை. நீண்ட முடி, வெறுங்கால், இரண்டு கிற்றார், மேளத்துக்கு ஒரு வாளி. தேவாலய மண்டபத்தில் இரண்டு முறை நடந்தது. இரண்டாம் முறை சனம் பாதியில் எழுந்து போனது.

"அங்க சனம் சாகுது, நீங்கள் இங்க தலைமயிர் வளத்து ஆடுறியளோ?" என்று வாசலில் ஒருவர் கேட்டாராம்.

"சாகக் கூடாதெண்டுதான் ஆடுறம், அண்ணை" என்றாராம் பாபு மாமா. அவர்தான் நாடகத்தின் முதன்மைப் பாடகர். அப்பாவின் உயிர் நண்பர்.

பிறகு யாரும் மண்டபம் தரவில்லை. எனவே ஏழு பேரும் அகதி முகாம் அறையில் முழு நாடகத்தையும் பாடிப் பதிந்து, ஆளுக்கு ஒரு ஒலிநாடா வைத்துக்கொண்டார்கள். மேலே வேறெதுவும் பதிய முடியாதபடி, நாடாக்களின் விளிம்பிலிருந்த சிறு தகடுகளைப் பாபு மாமாவே உடைத்தார்.

அடுத்த ஆண்டு அவருடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டது. தன் நாடாவோடு திருப்பி அனுப்பப்பட்டார். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை தகவல் இல்லை.

மகனின் குரல் நாடாவில் இருப்பதாகக் கேள்விப்பட்ட அவருடைய தாயார், அதை அனுப்பும்படி அப்பாவுக்கு எழுதினார். அப்பாவிடம் நாடா இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் அவருடைய தகப்பனார், எங்கள் அப்பப்பா, இறந்த செய்தி வந்திருந்தது. மறுநாள் காலை ஒருவர் ஊருக்குப் புறப்பட இருந்தார். குரலைப் பதிந்தே கடிதம் அனுப்பிய காலம் அது. ஞாயிறு கடைகள் பூட்டு; புது நாடா வாங்க வழியில்லை. அப்பா உடைந்த துளைகளில் பஸ் சீட்டை மடித்து அடைத்தார். நாடகத்தின் மேல் தன் கடிதத்தைப் பதிந்து, தன் அக்காவான எங்கள் மாமிக்கு அனுப்பினார். மற்றவர்களிடம் நாடகம் இருக்கிறதுதானே என்று நினைத்தாராம். விசாரித்தபோது, இங்கிருந்த மற்ற ஐவரும் அப்படியே நினைத்து அப்படியே செய்திருந்தார்கள்.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேடினார். கல்யாண வீட்டிலும் பழைய நாடாப் பெட்டி இருக்கிறதா என்றே கேட்பார். நான் மின்னணுவியல் படித்தவள். ஊரிலிருந்தும் எடுப்பித்து நீங்கள் தந்த நாற்பத்தொரு கடித நாடாக்களைத் திருத்தி, எண்ணிட்டு, கணினியில் ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் பேச்சு முடிந்ததும் நிறுத்தினேன்.

கடைசி வாரம் மருத்துவமனையில் அப்பா கேட்டார்: "கிடைச்சதோ, பிள்ளை?"

"இல்லை அப்பா. தேடுறன்."

"அவன்ர அம்மாவுக்கு நான் என்னெண்டு மறுமொழி எழுதுறது?"

அந்தத் தாயார் இறந்து பல ஆண்டுகள். அப்பாவுக்கும் அது தெரிந்ததுதான். நான் நினைவூட்டவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பின், மாமி தன்னிடமிருந்த நாடாவை அனுப்பினார். "அக்கா, நான் சுகம். அழாதேங்கோ" என்று தொடங்கியது. முதற்பக்கம் முழுவதும், இரண்டாம் பக்கத்தில் பாதிக்கு மேலும் அப்பா பேசினார். பேச்சு முடிந்தது. அப்பாவின் குரல் என்பதால் நிறுத்தக் கை போகவில்லை. சிறு சத்தம் ஒன்று. பிறகு, கடிதம் மூடாத மிச்சத்தில், பாபு மாமா பாடினார். நான்கு நிமிடம்.

பாபு மாமாவின் தங்கைக்கு அந்தப் பாட்டை அனுப்பினேன். "ஓம் பிள்ளை, அண்ணைதான். பாட முந்தி ஒருக்கால் செருமுவார்" என்றார்.

அப்பா அதைக் கேட்கவில்லை.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்து எங்களோடு இருந்த உறவுகளுக்கும், நாடா தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் திருப்பித் தந்த நாற்பத்தொன்றும் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. முடிவுவரை கேட்காதது என் பிழை. தயவுசெய்து அவற்றை எறிய வேண்டாம். ஒருமுறை போடுங்கள். உங்கள் பேச்சு முடிந்த பிறகும் ஓடவிடுங்கள்.