இடது பட்டனில் ஒரு ஐஸ் குச்சி

ஜெகதீஷுக்கு வயசு நாப்பத்திமூணு. பாடியில ஒரு கம்பெனியில பிரஸ் மிஷின் ஓட்டுறான், வீடு முத்தாபுதுப்பேட்டையில. பீடி கிடையாது, குடி கிடையாது. இருக்கிற ஒரே கிறுக்கு செல்போனில் ஆடுற துப்பாக்கி விளையாட்டு. நாலு பேர் டீமுக்கு இவன்தான் கேப்டன். வர்ற ஞாயித்துக்கிழமை ஆவடியில ஃபைனல். உலகத்துல இவனைக் கேப்டன்னு கூப்பிடுற இடம் அது ஒண்ணுதான்.

விளையாட்டுல ஆளை ஓட வைக்கிறது இடது கட்டைவிரல். பதினஞ்சு நாளா விடாம ஆடி அது பணியாரம் மாதிரி வீங்கிக் கிடந்தது. மிஷினுக்கும் அந்த விரல் வேணும். ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால சேத்து அமுக்கினாத்தான் தகட்டை வெட்டுற பஞ்ச் மேலேருந்து இறங்கும். கை ரெண்டும் பட்டன்ல இருந்தா விரல் நசுங்காது, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. புதன்கிழமை காலை ஷிஃப்டில் ஜெகதீஷ் ஒரு ஐஸ் குச்சியை ஒடிச்சு இடது பட்டனில் சொருகிட்டான். ஃபைனல் வரைக்கும் விரலுக்கு லீவு.

ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். பொண்டாட்டி ரேவதி விரலுக்குத் தைலம் தடவினா.

"இத்த வெச்சுகினு மிஷின எப்டிய்யா அமுக்குன?"

அப்பதான் ஞாபகம் வந்தது. குச்சியை எடுக்கவே இல்ல.

அடுத்த ஷிஃப்டில் அந்த மிஷினுக்கு வர்றவன் யூசுப். டீமிலும் இவனுக்கு ஜோடி. பஞ்சுக்குக் கீழ இருக்கிற அச்சு, அதான் டை, அதை மாத்தி முடிய நாலு மணி ஆகும், அப்புறம் யூசுப் ஓட்டுவான். ஒரு கையை டைக்குள்ள விட்டுட்டு, பழக்கத்துல இன்னொரு கை வலது பட்டன்ல பட்டாப் போதும், பஞ்ச் இறங்கிடும்.

சட்டையைக்கூட மாத்தாம ஓடிப்போய் பஸ் ஏறினான். வேலை நேரத்துல யூசுப்பின் போன் செக்யூரிட்டி பெட்டியில கிடக்கும். மூணே முக்காலுக்கு டீ டைம்ல எடுத்ததும் விளையாட்டைத் திறப்பான், பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியும், அப்ப விளையாட்டு மைக்குலயே அவன்கிட்ட சொல்லிடலாம். சூப்பர்வைசர் ஆனந்தனுக்கு இப்பவே சொல்லலாம். சொன்னா வேலை போச்சு. போன வருஷம் இதே தப்புக்கு ஒருத்தனை அன்னைக்கே வெளிய அனுப்பினாங்க. நம்பரை அமுக்கினான், மணி அடிக்கிறதுக்குள்ள கட் பண்ணான். ரெண்டு தடவை.

அம்பத்தூர் தாண்டி பஸ் நின்னுபோச்சு.

"பாடி எப்ப போவும்ணே?"

"முன்னால நிக்கிறான் பாரு லாரிக்காரன், அவனத்தான் கேக்கணும்" என்றார் கண்டக்டர்.

மூணே முக்கால். புள்ளி எரியல. மூணு அம்பது. எரியல. மூணு அம்பத்தஞ்சுக்கு ஜெகதீஷ் ஆனந்தனுக்குப் போட்டான். இந்தத் தடவை கட் பண்ணல.

"சார், அந்த மிஷின ஓட்ட உடாதீங்க. இடது பட்டன்ல குச்சி கீது. நான்தான் வெச்சேன்."



"அத யூசுப் வந்தவுடனே எடுத்துட்டாம்பா. டீக்குக்கூட உடாம நிக்கவெச்சு கேட்டுகினு இருக்கேன், யாரு வெச்சதுன்னு தெரியாதுன்னே சாதிக்கிறான். நீதானா அது? காலைல மிஷினுக்குப் போவாத, நேரா ஆபீசுக்கு வா."

போன் கட்டாச்சு. ரெண்டு நிமிஷத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சது. யூசுப்பின் குரல் வந்தது.

"யோவ் மாமே, நான்தான் வாயே தொறக்கலியே. உன்ன யாரு போன் பண்ணச் சொன்னது?"

"வெரலெல்லாம் கீதா?"

"லூசு."

அடுத்து ஒரு போட்டோ வந்தது. கிரீஸ் படிஞ்ச ரெண்டு கை, விரல்களை விரிச்சு வெச்சு யாரையோ விட்டு எடுத்தது. ஜெகதீஷ் எண்ணினான். வீங்கின கட்டைவிரலால ஒவ்வொண்ணாத் தொட்டு இன்னொரு தடவை எண்ணினான். பஸ் கிளம்பி பாடிப் பக்கம் உருண்டது. அங்க போய் இனி செய்ய ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சும், அவன் இறங்காம உக்காந்திருந்தான்.