மீனாட்சி டீச்சர் வீட்டுக் குழம்பு

செய்தி வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பால் ஊற்ற வந்த அம்மாள் வாசலில் நின்றபடியே, "டீச்சர் வீட்டுக்காரரு போயிட்டாராம்ல, ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார். ஆலங்குடியில் டீச்சர்கள் பலர் இருக்கிறோம். எங்களுக்கெல்லாம் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்தப் பெயரால் மட்டுமே அறியப்பட்டவர் ஒருவர்தான். என்னோடு பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கும் மீனாட்சி டீச்சரின் கணவர் ராமையா. உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. என் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு ஆக வேண்டியிருந்தது. சோற்றை வடித்து, குழம்பை இறக்கி, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத்தான் போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, களைப்பாகத்தான் இருக்கிறது.

ராமையா அண்ணனை ஆலங்குடிக்காரர்கள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மெலிந்த உடம்பு, வெளுத்த சட்டை, கையில் ஒரு துணிப்பை. சந்தை நாளில் முதல் ஆளாக நிற்பார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார், கருவாட்டை முகர்ந்து பார்ப்பார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற பாய், "வாங்க, சாருக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்று தனியே ஒரு பொட்டலம் நீட்டுவார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைவதற்கு முன் புதுக்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். நாற்பத்தெட்டில் அந்த வேலை போயிற்று. மீனாட்சி அக்கா டிரெயினிங் முடித்தவர் என்பதால் இங்கே வேலை கிடைத்தது. மனைவி சம்பாதிக்க, கணவர் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று ஊர் பேசிற்று. நானும் பேசியிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் மத்தியானம் ஐந்து டீச்சர்களும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கேரியரைத் திறந்து நடுவில் வைப்போம். மீனாட்சி அக்காவின் கேரியர் திறக்கும்வரை யாரும் கை நனைக்க மாட்டோம். பலாக்கொட்டைப் புளிக்குழம்பு, வறுத்த கடலைத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல். ரேஷன் அரிசி நாறிய காலத்திலும் அவர் வீட்டுச் சோற்றில் மட்டும் அந்த வாடை வராது. நாங்கள் என்ன கைப்பக்குவம், என்ன கைப்பக்குவம் என்போம். அவர் தலை குனிந்துகொண்டு, "நல்லா இருக்கா? எது நல்லா இருக்கு, கீரையா குழம்பா?" என்று ஒன்றுவிடாமல் கேட்பார். தன் புகழைத் தானே கேட்டு ரசிக்கிறவர் என்று நான் மனதுக்குள் நினைத்ததுண்டு. நான் விடியற்காலையில் எழுந்து அவசரத்தில் கிளறிவந்த சோறு எப்போதும் கடைசியில்தான் தீரும். பொறாமை இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் ஆனி மாதம் பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். மத்தியானச் சாப்பாடு பள்ளியிலேயே சுடச்சுட ஆக வேண்டும், மீனாட்சி டீச்சர்தான் குழம்பு வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். மீனாட்சி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. உடம்பு சரியில்லை என்றார், கையில் சுட்டுக்கொண்டேன் என்றார், எதுவும் எடுபடவில்லை. அன்று காலை அவரோடு ராமையா அண்ணனும் வந்தார், விறகு பிளந்து கொடுப்பதற்கென்று. மசாலா வீட்டிலேயே அரைத்து வந்திருந்தது. கொட்டகையில் அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் ஓலைத் தட்டி, தட்டிக்குப் பின்னால் அவர். மீனாட்சி அக்கா கரண்டியோடு நின்றார். தட்டிக்குப் பின்னாலிருந்து இருமல் வந்துகொண்டே இருந்தது.

"பாவம், புகை ஒத்துக்கல போலருக்கு. கமலா, அவருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டுபோய்க் குடு" என்றார் தலைமை ஆசிரியை. சொம்போடு தட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். விறகு பிளக்காமல் கிடந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, ஓலை இடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை இருமினார். அங்கே மீனாட்சி அக்கா இன்னும் கொஞ்சம் புளிக்கரைசலை ஊற்றினார். அடுத்து உப்புக் கல்லை அள்ளினார், போட்டார், மறுபடி அள்ளினார். இங்கே அண்ணன் ஒரே ஒரு முறை இருமினார். கை நின்றுவிட்டது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் நான் பொறாமைப்பட்ட கை இங்கே தட்டிக்குப் பின்னால் இருந்தது.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "தங்கச்சி, பாத்தது ஒங்களோட இருக்கட்டும். என்னைச் சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல. புருசனை அடுப்பங்கரையில ஒக்கார வெச்சவள்னு அவளைத்தான் பேசுவாங்க. நாளைக்கு அவ வகுப்புல நிக்க முடியாது" என்றார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு தயங்கித் தயங்கி, "ஒங்க கேரியர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். அன்று எல்லோருக்கும் பள்ளியில் சாப்பாடு என்பதை மறந்து, பழக்க தோஷத்தில் நானும் கேரியர் கொண்டுவந்திருந்தேன். புளிச்சோறு, அதுவும் அடிப்பிடித்தது. அதைச் சொன்னேன். "பரவால்ல, குடுங்க" என்றார். உள்ளே இன்ஸ்பெக்டர் அம்மாள் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, அதை வைத்தவர் கொட்டகைக்குப் பின்னால் என் அடிப்பிடித்த சோற்றைப் பருக்கை விடாமல் சாப்பிட்டார். "அடுத்த ஆளு ஆக்கின சோறு, தங்கச்சி. இதுக்கு மேல என்ன ருசி வேணும்? நம்ம ஆக்கினதை நம்மளே திங்கிறப்ப வாசனையே தெரியிறதில்ல" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் ஐந்து பேருக்கு ஆக்கி, கடைசியில் அடிச்சட்டியோடு உட்காருகிற எனக்கு அது புரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு மீனாட்சி அக்கா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் அடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லையாம். மாமியார் போனபின் டிரெயினிங், அது முடிந்ததும் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பட்டினியோடு வந்து வகுப்பில் மயங்கி விழுந்திருக்கிறார். அன்று சாயங்காலம் ராமையா அண்ணன் அடுப்பை மூட்டினார், பிறகு அணைக்கவே இல்லை. மீனாட்சி அக்கா வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் கதவைச் சாத்திக்கொண்டு அம்மியில் அரைப்பார். அக்கம்பக்கம் கேட்டால் டீச்சர் அரைக்கிறார் என்று நினைக்கட்டும் என்று. நாங்கள் மத்தியானம் சொன்ன பாராட்டையெல்லாம் சாயங்காலம் அவரிடம் அப்படியே ஒப்பிக்க வேண்டும். அக்கா எங்களிடம் ஒன்றுவிடாமல் கேட்டதும் அதற்குத்தான். "கச்சேரியில எத்தனையோ கோப்பு எழுதினேன், ஒருத்தரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல" என்பாராம்.

ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம், "நீங்க ஒரு நாளாவது ஒரு ரசம் வெச்சுக் குடுத்தா என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். ராமையா அண்ணனைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அந்தக் கணக்கில் காப்பாற்றக் கூடாத ஒன்றையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ராமையா அண்ணன் போன எட்டாம் நாள் படைப்புக்கு அவருடைய அக்கா அன்னவாசலிலிருந்து வந்திருந்தார். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. படைப்புக்குப் பங்காளி வீட்டுப் பெண்கள் சமைப்பதுதான் வழக்கம். ஆனால் அந்த அம்மாள், "மத்ததை யாரு வேணாலும் ஆக்கட்டும். என் தம்பிக்குப் பிடிச்ச ஒண்ணை நீ ஒன் கையால ஆக்கி எலையில வையி ஆத்தா. ஒன் கைக்குழம்பை ஊரே சொல்லுது. அவன் அதுக்குத்தான் வருவான்" என்று மீனாட்சி அக்காவின் தோளைப் பிடித்து எழுப்பினார். மீனாட்சி அக்கா என்னையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அடுப்பங்கரையில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் சிறு தாள் ஒட்டி, அழகான குமாஸ்தா எழுத்தில் "மல்லி" என்று எழுதியிருந்தது. எல்லா டப்பாவிலும் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. வருகிறவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அண்ணன் அப்படி வைத்திருக்கிறார்.

"கமலா, அவருக்கு என்ன பிடிக்கும்?" என்றார் மீனாட்சி அக்கா.

"என்னக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?"

"பலாக்கொட்டை எனக்குப் பிடிக்கும். கடலைத் துவையல் எனக்குப் பிடிக்கும். கேப்பைக் களி எனக்குத் தொண்டையில எறங்காதுன்னு அவர் அதை ஆக்கினதே இல்ல. அவருக்கு என்ன பிடிக்கும்? எனக்குப் போட்டுட்டு அப்பறம்தான் சாப்பிடுவாரு. அதுக்குள்ள நான் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிருவேன். ஒரு நாள் கேக்கல கமலா. பதினெட்டு வருசத்துல ஒரு நாள் கேக்கல."

எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கொட்டகைக்குப் பின்னால் அவர் சொன்னதைச் சொன்னேன். அடிப்பிடித்த புளிச்சோற்றைச் சொன்னேன். மீனாட்சி அக்கா என் பக்கம் திரும்பினார். "இதை ஏண்டி அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல? கருக்கியாவது ஒண்ணு ஆக்கிப் போட்டிருப்பேனே" என்றார்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அத்தனை சொந்தமும் உட்கார்ந்திருந்தது. "அண்ணி, எனக்கு ஆக்கத் தெரியாது. இந்த வீட்டுல ஆக்கினது அவருதான். ஊரு சொல்ற கை என் கை இல்ல" என்றார். அன்னவாசல் அம்மாள், "என் தம்பி அடுப்பூதினானா? என்னடி சொல்ற? வெளிய கேட்டா என்ன பேசுவாங்க?" என்று எழுந்துவிட்டார்.

"ஊரு கேக்கக் கூடாதுன்னுதான் கதவைச் சாத்திக்கிட்டு அரைச்சாரு, எனக்காக. இனிமே பேசினா பேசட்டும். நான் கேட்டுக்கிறேன். ஆனா எலையில இன்னைக்கு என் கைச் சோறுதான். எப்புடி வந்தாலும் அதான்" என்றார் மீனாட்சி அக்கா.

அவர் புளிச்சோறு கிளறினார். நான் பக்கத்தில் நின்றேனே தவிர எதையும் தொடவில்லை. தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடுகு கருகிற்று, சோறு அடிப்பிடித்தது, உப்பு ஏறிவிட்டது. அதை அப்படியே இலையில் வைத்து, "சாப்பிடுங்க" என்று சத்தமாகச் சொல்லி அழுதார். படைத்து எடுத்தபின் அன்னவாசல் அம்மாள்தான் முதல் பிடியை வாங்கினார். முகம் சுளித்ததைப் பார்த்தேன். ஆனால் கீழே வைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு" என்று இலையை நீட்டினார். அன்று ஊருக்குத் திரும்பும்போது "மல்லி" என்று எழுதிய டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் எழுதச் சொன்னதே மீனாட்சி அக்காதான். "டீச்சர் வீட்டுக்காரருன்னு எழுதாத. ராமையான்னு பேரைப் போட்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன். எங்கள் கேரியர் வட்டத்தில் உட்கார்ந்து அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்களும், பெண் கொடுக்கல் வாங்கலில் மீனாட்சி டீச்சரின் கைப்பக்குவத்தை உதாரணம் காட்டியவர்களும், நீங்கள் யாரைப் பாராட்டினீர்கள் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது டப்பாக்களின் எழுத்துப் பக்கம் வெளியே பார்க்கிறது. மீனாட்சி அக்கா அவற்றைப் படித்துப் படித்து ஆக்கக் கற்றுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே போய்விடுகிறேன். என் வீட்டில் அன்று ஒரு வேளை பழைய சோறுதான், முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். அடுத்த ஆள் ஆக்கிய சோற்றை உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை ராமையா அண்ணன் பெயரால் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு பலாக்கொட்டைக் குழம்பு. நான் பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மீனாட்சி அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றார். உப்புக் கல்லை அள்ளினார், போட்டார், ஏதோ நினைவில் மறுபடி அள்ளினார். நான் ஒரு முறை இருமினேன். கை நின்றுவிட்டது. சட்டென்று திரும்பிப் பார்த்தார், என்னைத் தாண்டி, வாசலை. பிறகு அள்ளிய உப்பை மரவைக் கிண்ணத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார்.