அடுத்த காட்டுக்காரிக்காக வந்த ஜெபம்

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. மழை ஏமாற்றிய ஒரு வருஷம், அடுத்த காட்டுக்காரியின் ஆடுகள் சில ஒரே சாயங்காலத்தில் நுரை தள்ளிச் செத்தன. எங்கள் பருத்தியை மேய்ந்ததற்காக நான்தான் விஷம் வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கிணற்றடியில் என்னைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வா, நாலு பேர் முன்னால கேட்டுருவோம்" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். நான் வேதக்கோயிலுக்குப் போய் முழங்காலிட்டேன். அவள் வாயை அடைக்கும்படி கேட்கத்தான் போனேன். ஆனால், "ஆண்டவரே, மிச்ச ஆடுகளையாவது அவளுக்குக் காப்பாத்திக் கொடும்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே வந்துவிட்டது. நானே திகைத்துப்போனேன். கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

பிறகு கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் வந்து செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தார். வயிறு நிறைய வாடிய சோளக்குருத்து. மழையில்லாமல் வாடினால் சோளக்குருத்தில் விஷம் ஏறிவிடும் என்றார். சோளம் அவள் காட்டில்தான் நின்றது.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"எக்கா, எனக்காக ஜெபம் பண்ணுனியளாமே? நான் உங்களத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சப்பவா?"

"அப்பத்தான்."

"எதுக்குக்கா?"

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவளை மன்னித்துவிட்டேனா என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.