சந்தவாசல் பாறையில் கசியும் தண்ணீர்

ஆரணி பேருந்து நிலையத்தில் சந்தவாசல் பஸ்ஸுக்காக நிற்கிறேன். அணு உலைக் கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைத்து வைக்க, தண்ணீர் கசியாத பாறை தேடுவது என் வேலை. சந்தவாசல் பக்கம் ஒன்று கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் வரைபடத்தை விரிக்கிறேன். தறிக்குப் பட்டு நூல் வாங்கிப் போகும் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து விசாரிக்கிறார். சொல்கிறேன்.

“அந்தப் பாறைங்களா? சித்திரையிலகூட வெடிப்புல தண்ணி வந்துகினே இருக்கும். எங்க தெருவே அதைத்தாங்க குடிக்குது!”

தூக்கிவாரிப் போடுகிறது. “நான் பார்த்தபோது காய்ந்து கிடந்ததேம்மா?”

“பின்பக்கம் சுத்திப் போனீங்களா?”

போகவில்லை.

“வாங்க, காட்டறேன்” என்று சிரிக்கிறார். அந்தப் பாறையைப் பரிந்துரைத்து எழுதிய அறிக்கை இன்னும் அனுப்பாமல் என் பையில்தான் இருக்கிறது, நல்லவேளை. நானும் சிரித்துக்கொண்டே வரைபடத்தில் அந்தப் பாறையை அடித்துவிட்டு, ‘ஊற்று’ என்று எழுதுகிறேன். பஸ் வருகிறது. அம்மா முண்டியடித்து ஏறி, ஜன்னலோரத்தில் எனக்கும் இடம் பிடிக்கிறார்.