சட்டைக்குள் வந்த கொடி

திராட்சை விளையும் எங்கள் சொனோமா பள்ளத்தாக்கில் வீட்டுக்கொரு பூட்டன் உண்டு. அவர் வந்திறங்கிய கப்பலும் உண்டு. என் பூட்டன் பத்திஸ்தா இத்தாலியிலிருந்து ஒரு திராட்சைக் குச்சியைச் சட்டைக்குள் வைத்து, தன் குடிதண்ணீரை அதற்கு ஊற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்தார் என்பது குலப்பெருமை. எங்கள் தோட்டத்துக்கு ஒயின் ருசிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்வேன். கண்கலங்குவார்கள். ஒயின் சுமார்தான், கதைக்காக வாங்குவார்கள்.

அந்தப் பெருமை போதாதென்று, அறுவடைத் திருவிழாவில் முழங்குவதற்காகக் அந்தக் குச்சியிலிருந்து வளர்ந்த கொடியின் இலையைப் பல்கலைக்கழகத்துக்கு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. தானாகப் போய்க் கழுத்தை நீட்டிய ஆடு நான்.

பல்கலைக்கழகத்துப் பெண் போனில் கூப்பிட்டாள். "சார், இது இத்தாலிக் கொடியே இல்ல. மிஷன் திராட்சை. ஸ்பானியப் பாதிரிமாருங்க பூசைக்கு நட்டது. உங்க பூட்டன் வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்திருக்கு."

"அப்ப சட்டைக்குள்ள என்னதாங்க கொண்டுவந்தாரு?" என்றாள் என் மனைவி மார்லீன்.

சாயங்காலத்துக்குள் செய்தி கேட்டுப் பக்கத்து நிலத்து இனெஸ் வந்துவிட்டாள். மெக்சிகோ ஆட்சிக் காலத்திலிருந்தே இங்கிருக்கும் குடும்பம். என்னோடு பள்ளியில் படித்தவள்.

"டேய் ஆல்டோ, அது பாதிரிமாருங்ககிட்ட வாங்கி எங்க ஆளுங்க வச்ச கொடிடா. உங்க பூட்டன் கடல தாண்டிக் கொண்டுவரல, எங்க வேலியத் தாண்டி வெட்டிட்டுப் போயிருக்கான்!"

"இத்தன வருஷமா பக்கத்துலயே இருக்கே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே! 'திராட்சையப் பத்தி உனக்கென்ன தெரியும்'னு கேட்டியே!"

திருவிழா மேடையில் 'கடல் தாண்டி வந்த கொடி' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே நின்று, வேலி தாண்டியது வரை சொல்லித் தொலைத்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "எங்க பூட்டன் குச்சி பூட்ஸுக்குள்ள வந்துச்சு! நானும் சோதிச்சுப் பாக்கட்டுமா?"

"வேணாம்யா, நிம்மதியா இரு!" என்றேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இனெஸ் மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். இன்னும் என்ன மானம் மிச்சமிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"திருடினாலும் நல்லா வளத்திருக்கானுங்க. பிளம்ஸ் போடறதுக்காக எங்கப்பா எங்க கொடியெல்லாம் வெட்டிட்டாரு. இவன் தோட்டத்துல மட்டுந்தான் அது உயிரோட இருக்கு." மைக்கை என் கையில் திணித்துவிட்டு இறங்கிவிட்டாள்.

குளிர்காலத்தில் கொடிகளைக் கவாத்து செய்தபோது, ஒரு கட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு அவள் நிலத்துக்குப் போனேன். நானே நட்டுத் தருகிறேன் என்று வீம்பாக உட்கார்ந்தேன். நான்கு தலைமுறை விவசாயி அல்லவா!

பின்னால் நின்றிருந்த இனெஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், குச்சியத் தலகீழா நடுறியேடா!"

பார்த்தேன். தலைகீழாகத்தான் இருந்தது.